மெய்க்கீர்த்தியும் கடல்வழியும்

சோழவேந்தர் கடல் கடந்து பெற்ற வெற்றியைக் குறித்துத் தமிழ்நாட்டில் இஞ்ஞான்று வழங்கும் உரைகள் பலவாம். மேடைப்பேச்சும், தொடர்கதையும், பள்ளிச்சிறுவர்க்குரிய வாசகமும் ஒருபடித்தாகக் கூறுவது யாதெனின், இராசேந்திரன் கலஞ்செலுத்திக் கீழ்த்திசைக் கடலைத் தன்னதாக்கினான், அவன் படை சென்ற வழியே வணிகர் சென்றனர், வணிகரோடு சைவமும் சென்றது என்பது. கேட்டற்கு இனிய இவ்வுரை மூன்று கூறுடையது. முதற்கூற்றிற்குச் சான்று உண்டு. பின்னைய இரண்டற்கும் உளவோ என்பது ஆராயத்தகும்.

முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவிற் கடாரங்கொண்ட செய்தியை விரித்துரைப்பது அவனுடைய தமிழ் மெய்க்கீர்த்தி ஒன்றே. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப்பகுதி அதனைச் சுருங்கக்கூறி அமைந்தது. ஆகவே கடாரப் படையெழுச்சியைப் பற்றி எழுதுவோர் யாவரும் தாம் அறிந்தோ அறியாதோ ஒரு செய்யுளுக்கு உரை காண்பவரே ஆவர். செய்யுளுக்கு உரை காண்பார் அச்செய்யுளின் இலக்கணத்தை முன்னர் உணர்தல் வேண்டும். உலாவைப் படித்துவிட்டு அவ்வூர்ப் பெண்டிர் தொகையைக் கணக்கிடுவார் ஒருவர் உளராயின் அவரை நாம் நகுவோம். மெய்க்கீர்த்தியைப் படித்து நாட்டெல்லை வரைவாரை மட்டும் வரலாற்றறிஞர் என்று போற்றுகின்றோம்.

மெய்க்கீர்த்தியென்பது முதலாம் இராசராசன் காலத்தே ஒழுங்குற்று, அரசன் ஆட்சியாண்டு ஏறுந்தோறும் வளர்வதாகிய ஒரு செய்யுள்வகை. கோயிற்கு விளக்கு வைப்பினும், ஊரவை நிலம் விற்பினும், அச்செயலைக் கூறுமுன் வேந்தன் புகழை முகப்பில் நிறுத்துதல் மரபு. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியின் கடாரப்பகுதி செய்யுள் என்ற முறையில் மிக்க சிறப்புடையது. கடலின் நடுவே கலம் பல செலுத்தியமையை ஓரடியிற்கூறி, கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவன்மனை அகப்படுத்தமையும், அவன் யானைப்படையையும் பெருநிதியையும் கொண்டமையும், நகரின் போர்வாயில் தோரணத்தைக் கவர்ந்தமையும் உரைத்து, அதன்மேல் ஊர்களை அடுக்குகின்றது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று பெயர்கள். ஒவ்வொன்றற்கும் ஓர் அடைமொழி உண்டு. ஒன்றற்குத் துறை, ஒன்றற்கு அகழி, ஒன்றற்கு மலையரண், ஒன்றற்குச் சோலை. அடைமொழிகள் ஒன்றையொன்று ஒவ்வாமல் வேறுபட நிற்றலின், அவை வறிதே இட்டுநிரப்பிய சொற்களல்ல, சென்று கண்டார் வாய்க்கேட்டு யாத்தனவேயாதல் கூடும். ஜார்ஜ் செதேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1918-இல் ஸ்ரீவிசயம் சுமத்திராத் தீவிலிருந்த பேரரசு என நிறுவிய பின்னர், இவற்றுட் பல இடமறியப்பட்டன. கடாரம் மலேயா மேல்கரைக் கெடாவும், மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவும், இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனையும் ஆம்.

இனி, அச்செய்யுளில் இல்லாதது யாது என்பதே ஆராய்ச்சிக்கு உரியது. பதின்மூன்று ஊரினும் ஒன்றன்கண்ணேனும் சோழ அதிகாரி ஒருவன் அமர்த்தப்பட்டான் என்னும் சொல் இல்லை. வரி இல்லை. வளநாடு என்றோ மண்டலமென்றோ பெயரிட்டமை இல்லை. ஈழத்தின் நிலை இதற்கு முற்றும் மாறு. 993-ஆம் ஆண்டு முதல் 1070-ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ எழுபத்தேழாண்டு அங்கே சோழராட்சி நிகழ்ந்தது. அந்நாடு மும்முடிச்சோழமண்டலம் என்று பெயர் பெற்றது. பொலன்னறுவையில் வானவன்மாதேவீச்சரம் என்னும் கற்றளி இன்றும் நிற்கின்றது. சோழர் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுக்கள் பல உள. ஆளுதற்கென்று கொண்ட நாட்டில் ஆட்சியின் சுவடு இங்ஙனம் கல்லிற் பதியும். கடாரத்தில் அத்தகைய சுவடு யாதும் கிடைத்திலது. ஜார்ஜ் ஸ்பென்சர் 1983-இல் வெளியிட்ட நூலில் இவ்விரு படையெழுச்சிகளையும் கொள்ளைப்பொருளை விரும்பிய அரசியலின் விளைவென்று கொண்டார். யானையும் நிதியும் தோரணமும் முதற்கண் எண்ணப்படுதலின் அவர் கூற்று மெய்க்கீர்த்தியோடு முரணுவதன்று. ஆயினும் எல்லாவற்றையும் கொள்ளையென ஒருசொல்லால் அடக்குதல், எல்லாவற்றையும் பேரரசென ஒருசொல்லால் அடக்குவார் செய்யும் பிழையின் மறுபக்கமேயாம்.

காஞ்சிக்குக் கீழ்பால் பாலாற்றங்கரையில் வாலாஜாபாத் என்னும் ஊர் உளது. ஆர்க்காட்டு நவாபு முகமதலி வாலாஜாவின் பெயரால் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த பெயர் அது. அப்பால் கும்பெனிப் படைவீடாய் இருந்ததும் அவ்வூரே. இன்று அதன் வடகீழ்த்திசையில் ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் செய்யும் வண்டிகளும் உறுப்புக்களும் கொள்கலப் பெட்டிகளில் ஏறிக் கடற்றுறை நோக்கிச் செல்கின்றன. ஊர்ப்பெயர் புதிது, தொழிற்சாலையும் புதிது. கடல்நோக்கிப் பண்டஞ் செல்லும் நெறியோ அந்நிலத்திற்குப் புதிதன்று. பல்லவர் தலைநகராகிய கச்சிக்கும் அவர்தம் துறைமுகமாகிய மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்டது இவ்வட்டாரம். உத்தமசோழனது பதினாறாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, கச்சிப்பேட்டில் நிறுக்கும் பண்டத்திற்கும் அளக்கும் பண்டத்திற்கும் உரிய ஆயம் ஊரகத்துத் திருமால் கோயிற்கு உரித்தாயிருந்தமையையும், நெசவுத்தொழிலார் சேரிகள் அக்கோயிற் காரியத்தில் ஈடுபட்டமையையும் காட்டுகின்றது.

வாலாஜாபாத்திற்கு அணித்தே பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் அமைந்தது. அங்குள்ள திருமால் கோயிற் சுவரில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உளது. அதன் முற்பகுதி மெய்க்கீர்த்தி. சளுக்கியரோடு கூடற்சங்கமத்திற் பொருத போரை வியந்து விரித்துரைப்பது. அதன் பிற்பகுதி சனநாத மண்டபத்தையும், அங்கு நடந்த வேதபாடசாலையையும், மாணவர் உண்டியையும், வீரசோழன் என்னும் பெயரிய ஆதுலசாலையையும் கூறுவது. ஆதுலசாலையிற் பதினைந்து படுக்கை. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மருந்தும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் மகளிர் இருவர் எனப் பணிமக்கள் வரையறுக்கப்பட்டனர். ஓராண்டிற்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டன. பருகும் நீர்க்கு ஏலமும் இலாமிச்சைவேரும் இடுதற்கு நிவந்தம் உண்டு. மண்டபம் அமைத்தவன் மாதவன் தாமயன் என்னும் வைசியன்.

இக்கல்வெட்டைப் பயில்வார் பெரும்பாலும் மருத்துவச்சிறப்பை வியந்து நின்றொழிவர். வியத்தற்குரியதே. எனினும் ஈண்டைப் பொருட்குக் கொள்ளற்பாலது வேறு. ஒரே சுவரில் இரண்டு நடைகள் உள. முன்னையதில் யானை வீழ்கின்றது, தலை உருள்கின்றது, ஆறு குருதியாய் ஓடுகின்றது. பின்னையதில் நெல் இத்துணைக் கலம், எண்ணெய் இத்துணை நாழி, ஏலம் இத்துணை என்று கணக்கு ஓடுகின்றது. பாலாற்றங்கரையில் ஏலம் விளைவதில்லை. அது மேலைமலைச் சரக்கு. ஆண்டுதோறும் தவறாது ஏலம் இடுதற்கு ஒருவன் நிவந்தம் அமைப்பானாயின், ஆண்டுதோறும் தவறாது ஏலம் வரும் வழியொன்று உண்டென்பதில் அவனுக்கு ஐயம் இருந்ததில்லை. வழியைப் பற்றிய மெய்ச்சான்று அக்கணக்கிலே உளது.

அதே வீரராசேந்திரனது ஏழாம் ஆண்டு மெய்க்கீர்த்தி, அச்சிறுபாக்கத்திற்கு அணித்தாகிய பெரும்பேர் என்னும் ஊர்த் தான்றோன்றீச்சரத்திற் பொறிக்கப்பட்டது. அதன்கண், தன் அடிபணிந்து வந்த மன்னனொருவன்பொருட்டுக் கடாரத்தை வென்று அதனை அவனுக்கே அளித்தான் என்பது போதரும். தந்தை வென்ற நாடு தன்னாட்டின் பகுதியாய் இருந்ததாயின் மகன் மீண்டும் வெல்லவேண்டியதில்லை. வென்றபின் பிறனுக்கு ஈயவும் வேண்டியதில்லை. சோழரே தம்மைக் கடாரத்தை ஆண்டவர் என்று கூறிக்கொண்டிலர். அவர்க்கில்லாத பெருமையை அவர்மேல் ஏற்றுவது அவரைப் போற்றுதல் ஆகாது.

போருக்கு முன்னும் பின்னும் கடாரத்தோடு நிகழ்ந்த கேண்மையும் கருதற்பாலது. இராசராசன் தனது இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை, கடாரத்தரையன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அச்செய்தி பொறித்த செப்பேடு இராசேந்திரனால் உறுதிபெற்றது. ஆலந்து நாட்டு லெய்டன் நகரிற் பாதுகாக்கப்பட்டமையின் லெய்டன் செப்பேடு எனப்படும். 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்தரையனின் தூதர் இருவர் வேண்ட, அவ்விகாரத்து ஊர்கட்கு வரிநீக்கம் தந்தான். இடையில் 1025-ஆம் ஆண்டின் பெரும்போர் நிகழ்ந்தும் விகாரம் இடிபடவில்லை. அதனிற் கடைசியாய் நின்ற கட்டடத்தை இடித்தது எந்தப் படையும் அன்று. 1867-இல் அரசினர் இசைவு பெற்றுக் கிறித்துவப் பாதிரிமார் இடிப்பித்தனர்.

அரசர் புகழ்ப்பாட்டு இங்ஙனமாக, வணிகர்க்கும் புகழ்ப்பாட்டு இருந்தது என்பதைத் தமிழ்ப்புலவர் பலர் நினைவதில்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்றும், நானாதேசியர் என்றும், ஐயபொழில் ஐந்நூற்றுவர் என்றும் வழங்கிய வணிகர் குழு கன்னடநாட்டு ஐகொளையைத் தாயகமாகக் கொண்டு தென்னாடு முழுதும் பரந்தது. அவர்தம் கல்வெட்டுக்களின் முகப்பில் அரசர்க்கு உள்ளது போன்றே மெய்க்கீர்த்தியொன்று காணப்படும். ஐந்நூறு வீரசாசனம் உடையோம் என்பர். ஐயபொழிற் பரமேசுவரியின் மக்கள் என்பர். பதினெண் பட்டினமும் முப்பத்திரண்டு வேளாபுரமும் அறுபத்துநான்கு கடிகைத்தாவளமும் தமக்குரிய என்பர். கன்னடநாட்டுச் சிகாரிபுரப்பகுதியிலுள்ள பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவர் சென்ற நாடுகளை அடுக்கிப் பாரசீகமும் நேபாளமும் ஈறாகக் கூறி, அவர் சுமந்த மணியும் முத்தும், ஏலமும் இலவங்கமும், சந்தனமும் கற்பூரமும், கத்தூரியும் குங்குமமும் எண்ணுகின்றது.

இதுவும் செய்யுள் மரபே. இதன்கண்ணும் மிகை உண்டு. பதினெட்டும் முப்பத்திரண்டும் அறுபத்துநான்கும் கணக்கர் எண்ணிய எண்களல்ல, நாவிற்கினிய எண்கள். எனினும் இரண்டு மெய்க்கீர்த்திகளையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு ஒன்று புலனாகும். வேந்தன் ஊர்ப்பெயரை அடுக்குகின்றான். அவ்வூரில் விளைவது யாதென்று கூறுவதில்லை. வணிகன் சரக்கை அடுக்குகின்றான். அது விற்கும் ஊரைத் தனதென்று கூறினும், அதன் அரசன் யாவன் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. கற்பூரம் விளையும் வாரோசு, இராசேந்திரன் அடுக்கிய பதின்மூன்றனுள் இடம்பெறவில்லை. சுமத்திராவின் மேல்கரையில் உள்ள அவ்வூர்க் கற்பூரத்தை மலாய் மொழியில் இன்றும் வாரோசுக் கற்பூரம் என்னும் பொருள்பட வழங்குவர். அங்கே லோபு தூவா என்னுமிடத்திற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சகம் 1010-இல், அஃதாவது 1088-இல், ஐந்நூற்றுவர் பொறித்தது. வாரோசுக்கு மாதங்காரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம் என்று அவர் தாமே பெயரிட்டனர். கலத்தின் தலைவர் முதலியோர் கத்தூரி விலையை அளவாகக்கொண்டு பொன்னிறுத்த பின்னரே விரித்த பாவாடையின்மேல் அடிவைத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதன்கண் உளது. குலோத்துங்கன் ஆட்சியின் நடுவே பொறித்த கல்லில் அவன் ஆட்சியாண்டைக் குறியாமல் சகவாண்டைக் குறித்தனர். வரி இறுப்பதும் தண்டுவதும் வணிகரே. படையின் நிழலிற் சென்றவர் செய்யும் செயல் இதுவன்று.

சோழர் சீனத்திற்குத் தூது விடுத்தமையும் இவ்வண்ணமே நோக்கத்தகும். சீனத்துச் சொங் அரசின் பதிவுகள் 1015, 1033, 1077 ஆகிய மூன்றாண்டுகளிற் சோழநாட்டுத் தூதர் வந்தமையைக் குறிக்கின்றன. 1077-இற் சென்றவர் எழுபத்திருவர். அவர் கொண்டுசென்றன கண்ணாடிக்கலம், கற்பூரம், பொற்சரிகை ஆடை, காண்டாமிருகக் கொம்பு, யானைக்கோடு, பன்னீர், பெருங்காயம், வெண்காரம், இலவங்கம் முதலியன. பெற்றுவந்தது 81,800 கோவைச் செப்புக்காசு. இச்சரக்குப் பட்டியில் ஆடையும் யானைக்கோடும் ஒழியப் பெரும்பாலன சோழநாட்டில் தோன்றாதன. பன்னீரும் பெருங்காயமும் மேற்றிசையினின்று வந்தன. இலவங்கமும் கற்பூரமும் கீழ்த்திசைத் தீவுகளின. சீனத்தில் 960-இற் சொங் அரசு எழுந்தது. எகிப்தில் 969-இற் பாத்திமியர் ஆட்சி நிறுவப்பெற்றது. 985-இல் இராசராசன் முடிசூடினான். இம்மூன்று பெருஞ்சந்தைகளும் ஒருதலைமுறைக்குள் வலிபெற, இடைநின்ற சோழநாடு ஒருதிசைச் சரக்கை மறுதிசைக்கு மாற்றும் வாயிலாயிற்று. தூது என்னும் பெயர் அரசனுடையது, மூட்டை வணிகனுடையது. குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்தான் என்று புகழ்பெற்றதும் இந்நிலையை அறிந்தே போலும்.

இனிச் சேக்கிழாரை நோக்குவோம். அவர் பிறந்த குன்றத்தூர், வாலாஜாபாத்தினின்று ஒரகடத்து வழியே வடகிழக்கே செல்வார்க்குச் சேய்மையிலன்று. அநபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அவையில் அமைச்சராய் இருந்தவர் என்பது தொன்றுதொட்ட வழக்கு. கடல்வணிகத்தை அரசியல் நிலையிலும் அறியக்கூடியவர். அவர் பெரியபுராணத்திற் கடலோடும் வணிகனை விரிவாகக் காட்டுமிடம் காரைக்காலம்மையார் புராணம். பரமதத்தன் மனைவியாரைத் தெய்வமென்று அஞ்சி அகலக் கருதியபோது, கலம் சமைப்பிக்கின்றான். அதற்கு வேண்டுங் கம்மியரை உடன்கொள்கின்றான். செல்லுமிடத்தார் விரும்பும் பண்டம் எது என்று தெரிந்து ஏற்றுகின்றான். நீர்க்குரிய கடவுளைப் போற்றி நல்ல நாளிற் புறப்படுகின்றான். கலஞ்செலுத்தும் தொழிலின் ஒழுங்கு முழுவதும் ஒரு செய்யுளில் அடங்கியது.

அவன் சென்ற நாடு யாது? சேக்கிழார் பெயர் கூறிற்றிலர். விரும்பிய தேயம் என்னும் அளவில் அமைந்தார். கடாரமும் ஸ்ரீவிசயமும் தம் அரசன் முன்னோர் மெய்க்கீர்த்திகளில் முழங்கிக்கொண்டிருந்த காலத்தே, அப்பெயரொன்றை இட்டிருப்பின் அவை மகிழ்ந்திருக்கும். இடாது விட்டமை புலமைக்குறைவு என்று கருதுவார் உளர். அங்ஙனமன்று. அம்மையார் காலம் சோழப் பேரரசிற்கு நெடுங்காலம் முற்பட்டது என்பதை அவர் அறிவார். தம் காலத்து வெற்றியை முற்காலத்து வணிகன்மேல் ஏற்றிலர். அன்றியும், அக்கதைக்கு வேண்டுவது சென்ற நாடன்று, மீண்ட துறை. பரமதத்தன் பொருளோடு மீண்டவன் காரைக்காலுக்கு வாராது பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் இறங்கினான். அங்கே ஒரு வணிகன் மகளை மணந்தான். பிறந்த மகவிற்கு முன்னை மனைவியாரின் பெயரையே இட்டான். செய்தி காரைக்காற் கிளைஞர் செவிக்கு எட்டியது. அவர் ஆளனுப்பித் தெளிந்து, அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு சென்றனர். சரக்கு ஒரு துறையினின்று மறுதுறைக்குச் செல்லும் வழியே செய்தியும் செல்லும் என்பதும், கடல்வழி பிரிந்தாரைப் பிரித்தே வைக்கும் வாய்ப்பையும் தரும் என்பதும் இக்கதையில் உரையாமலே விளங்குகின்றன. பொருள்வயிற் பிரிந்தவன் மனையில் நிகழ்வதை எந்த மெய்க்கீர்த்தியும் கூறாது. அது சேக்கிழார் ஒருவர்க்கே கண்ணிற்பட்டது. அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் இருக்கப்பெற்ற திருவாலங்காட்டின் பெயரையே, கடாரம் வென்றமை கூறும் செப்பேடும் தாங்கி நிற்றல் நினைவிற் கொள்ளத்தகும்.

அதிபத்த நாயனார் புராணத்தில் நாகப்பட்டினத்தைப் பாடும்போது, பதினெண் நிலத்து மக்களும் பொருளும் அவ்வூரில் நிறைந்தமையின் அஃது உலகத்தைக் காட்டும் கண்ணாடி வட்டம்போலும் என்னும் கருத்துப்படப் பாடினார். அமர்நீதி நாயனாரோ பலநாட்டு மணியும் துகிலும் விற்ற வணிகர். அவர் வரலாற்றின் உச்சி ஒரு துலாக்கோல். ஒரு தட்டிற் கோவணம். மறுதட்டில் அவ்வணிகர் தேடிய பொருள் அனைத்தும். பொருள் ஏற ஏறத் தட்டு எழுந்தே நிற்கின்றது. உழவர்க்கோ அரசர்க்கோ இக்கதை இவ்வாறு அமையாது. கோலும் நிறையும் கையாளும் ஒருவர்க்கே கோலின்முன் தோற்றல் என்பது உள்ளத்தைத் தைக்கும். வணிகர் வாழ்வைச் சேக்கிழார் வெளியே நின்று புகழ்ந்தவரல்லர். அவர்தம் கருவியின் மொழியை அறிந்து பாடியவர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். வணிகரை இங்ஙனம் உயர்த்துங்கால், அவர் வாளேந்தாச் சாதுக்கள் என்று கொள்ள நேருமன்றோ எனின், கொள்ளற்க. ஐந்நூற்றுவர் எறிவீரர், முனைவீரர் என்னும் காவற்படைகளை உடையராயிருந்தனர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டூரை அவர் வீரபட்டினமாக்கினமை கல்வெட்டால் அறியப்படும். அரசர் அறத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட குழு அது. மெய்க்கீர்த்தி வேந்தனை மிகைப்படுத்துவது போன்றே, இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் வணிகரை உலகப்பொதுமையின் தூதராக மிகைப்படுத்துகின்றனர். பொன்னிறாதவன் பாவாடை மிதித்தல் ஆகாது என்று வரைந்தவர் பொதுமைத்தூதர் ஆவது எங்ஙனம்? அவர்க்கு வேண்டியது ஊதியம். அவ்வூதியத்தில் ஒருபகுதியைத் தெய்வத்திற்கு வைத்தனர் என்பதே மெய்.

அப்பகுதி எத்தகையது என்பதற்குத் திருக்கொடுங்குன்றம் சான்று. ஞானசம்பந்தர் பாடல்பெற்ற அத்தலம் இன்று பிரான்மலை எனப்படும். அங்குள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டிற் பல நகரத்து வணிகர் ஒன்றுகூடி, தாம் விற்கும் சரக்கின்மேல் மகமை விதித்துக் கோயிற்குத் தந்தனர். உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், சவரிமயிர், கற்பூரத்தைலம், சவ்வாது, குதிரை, யானை என்று பட்டி நீள்கின்றது. உப்புச் சாக்கும் யானையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சவரிமயிர் இமயத்தது, குதிரை பெரும்பாலும் அரபுநாட்டுக் கலத்தில் வந்தது. மலையடிவாரத்துச் சிவன்கோயில் ஒன்றன் சுவரில் இத்துணைத் தேயங்களும் ஒருங்கு கூடியமைக்கு எப்படையெழுச்சியும் காரணமன்று.

சைவம் படையோடு சென்றது என்னும் மூன்றாங்கூற்றிற்கு இனி வருவோம். ஈழத்து மாதோட்டத் துறையருகில் உள்ள திருக்கேதீச்சரத்தை ஞானசம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். இராசராசன் படை ஈழம் புகுந்தது அதற்கு மூன்று நூற்றாண்டு கழித்து. தாய்லாந்துத் தக்குவாபாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, நாங்கூருடையான் ஒருவன் தோண்டிய அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்தமை கூறும். அவனிநாரணன் என்பது கச்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பெயர். காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி. இராசேந்திரன் கலம் தக்கோலம் சேர்வதற்கு ஏறக்குறைய 170 ஆண்டு முன்னரே அக்கரையில் தமிழ்வணிகர்க்குக் குளமும் காவலும் இருந்தன. ஆகவே வணிகர் சென்ற வழியே படை சென்றது என்பதே பொருந்தும். மாற்றியுரைப்பது பின்னதை முன்னதாக்குவதாம்.

வழி படைக்கு முன்னே இருந்தமை இதனால் விளங்கும். படை ஓய்ந்த பின்னும் அது நின்றமைக்குச் சீனத்துச் சுவான்சௌ நகரம் சான்று தருகின்றது. சோழர் குலத்துக் கடைசி மன்னனாகிய மூன்றாம் இராசேந்திரனைப் பற்றிய செய்தி 1279-ஆம் ஆண்டோடு முடிகின்றது. அதே 1279-இல் சீனத்துச் சொங் அரசும் மங்கோலியரால் கடற்போரில் அழிந்தது. தூது விடுத்த அரசும் தூது ஏற்ற அரசும் ஒரே ஆண்டில் மறைந்தன. இரண்டாண்டு கழித்து, சகம் 1203 சித்திரைத் திங்கள், அஃதாவது 1281-இல், சுவான்சௌவில் ஒரு தமிழ்க் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. தவச்சக்கரவர்த்திகளாகிய சம்பந்தப்பெருமாள் என்பவர் செகசைக்கான் என்னும் மன்னனின் நலத்தின்பொருட்டு, அவன் ஆணைச்சீட்டுப் பெற்று, உடையார் திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை ஆங்கு எழுந்தருளுவித்தார் என்பது அதன் பொருள். செகசைக்கான் மங்கோலியப் பேரரசன் குப்லாய்கானே என்று அறிஞர் கொள்வர். சோழன் பெயரும் பாண்டியன் பெயரும் அதன்கண் இல்லை. சீர்காழிப் பிள்ளையாரின் பெயரைத் தாங்கிய ஒருவர், சோழப் படை கனவிலும் காணாத கரையில், வேற்றுமொழி மன்னனின் இசைவைப் பெற்றுச் சிவபெருமானுக்குக் கோயில் கண்டார்.

அக்கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் சிதறி, அந்நகரத்துப் புத்தர் கோயிலாகிய கையுவான் கோயிலின் தூண்களிலும் பிறவிடங்களிலும் சேர்ந்துள்ளன. அவற்றுள் யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும், இலிங்கத்தின்மேல் ஆன் பால்சொரியும் சிற்பமும் உள. திருவானைக்காவை அறிந்த கையன்றி அவ்யானையைச் செதுக்கியிருத்தல் இயலாது. ஆயினும் அதனருகில் ஓடும் பூவேலை சீனத்தச்சரின் மரபினது. கல்வெட்டோ அரன் பெயரை முதற்கண் வைத்துத் தமிழெழுத்தில் நடந்து, இறுதி வரியிற் சீன எழுத்தாக மாறி முடிகின்றது.